ஆராய்ச்சி நிதியில் சிறுதொழிலின் பங்கு: ஒரு சட்டத்தின் வரலாறு

கல்விக்குப் பொருளுதவி பெறுவது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. 1913-ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானம் வழங்கிய உதவித்தொகையைக் கொண்டே அண்ணல் அம்பேத்கர் கடல் கடந்து, நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1944-ஆம் ஆண்டில் பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கென இந்திய அரசு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களில் மிகப் பலர் அத்தொகையின் துணையால் ஏறியவர்களே.

உதவித்தொகையின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது வட்டிக்குத் தரும் கடன் அன்று. வெற்றி பெற்ற பின் அளிக்கும் பரிசும் அன்று. முடிவு எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாத தொடக்க நாளில், ஒரு மாணவனின் அறிவின்மேல் நம்பிக்கை வைத்துச் சமுதாயம் தரும் பொருள் அது. இதே நம்பிக்கையை ஒரு சிறிய தொழிற்கூடத்தின்மேலும் அரசு வைக்கலாகாதா? புதியதொரு பொறியையோ மருந்தையோ ஆராய்ந்து காண விரும்பும் எளியவனுக்குக் கடனாக அன்றி, ஆராய்ச்சிக்கென்றே அரசு பணம் தரலாகாதா? தரலாம் என்று 1982-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அச்சட்டம் பிறந்த வரலாற்றையும், அது சாதித்ததையும், சாதிக்கத் தவறியதையும் நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நலம். ஏனெனில் அது அடிப்படையில் ஓர் ஒதுக்கீட்டின் வரலாறு.

பணமில்லாத கண்டுபிடிப்பாளன்

சட்டத்தின் தேவையை உணர, நூறாண்டுக்கு முந்திய ஒரு மனிதரின் வாழ்வை முதலில் காண்போம். யான் மாட்செலிகர் என்பவர் 1852-இல் தென் அமெரிக்காவின் டச்சுக் குடியேற்ற நாடான சுரிநாமில், கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். இளமையில் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் என்னும் நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் காலணித் தொழிலின் பெரும்பாலான வேலைகளுக்குப் பொறிகள் வந்துவிட்டிருந்தன. ஆனால் காலின் வடிவில் செய்த மரக்கட்டையின்மேல் மேல்தோலை இழுத்து, மடித்து, அடித்தோலுடன் பொருத்தும் வேலை மட்டும் கைத்திறன் மிக்க தொழிலாளரையே நம்பியிருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒரு நாளில் 50 இணைகள் அளவே முடிக்க இயலும். அவ்வேலையைப் பொறியால் செய்யவே முடியாது என்று பலரும் கருதினர்.

மாட்செலிகர் பகலில் உழைத்து, இரவில் தம் சிற்றறையில் மரத்துண்டுகளையும் கம்பிகளையும் சுருட்டுப் பெட்டிகளையும் கொண்டு மாதிரிகள் செய்தார். முயற்சி முதிர்ந்தபோது இரும்பால் பொறி செய்யப் பணம் வேண்டியிருந்தது. வங்கியோ அரசோ அவருக்கு உதவும் நிலை அன்று இல்லை. முதலீடு தந்த இருவருக்குத் தம் கண்டுபிடிப்பின் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. கைத்தொழிலாளி 50 இணைகள் செய்த காலத்தில் அப்பொறி நூற்றுக்கணக்கான இணைகளைச் செய்து தந்தது. காலணி விலை வீழ்ந்தது. எளிய மக்களும் நல்ல காலணி அணிய முடிந்தது. ஆயின் அதைப் படைத்தவர் 1889-இல், முப்பத்தாறு வயதில், காசநோயால் மாண்டார். அப்பொறியை ஆண்ட நிறுவனம் பின்னர் 1899-இல் அமைந்த பெரியதொரு காலணிப் பொறி நிறுவனத்துள் இணைந்து கோடிகளை ஈட்டியது.

தொழிலைச் செய்பவனுக்கே அத்தொழிலின் குறை முதலில் தெரியும் என்பதற்கு இவ்வாழ்வு சான்று. குறையை நீக்கும் வழி தெரிந்தும், அவ்வழியை ஆராய்ந்து பார்க்கும் தொடக்கப் பணம் இல்லையென்றால், தன் அறிவின் பெரும்பகுதியை அவன் விற்றுத்தான் ஆகவேண்டும் என்பதற்கும் இதுவே சான்று. தோலிலும் காலணியிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களின் வழிவந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெரியோர்க்கே சென்ற பொருள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்கு முன் எப்போதும் இல்லாத அளவில் செலவிடத் தொடங்கியது. 1950-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. படைத்துறை, விண்வெளி, மருத்துவம், எரிசக்தி ஆகிய துறைகள் ஆண்டுதோறும் பெருந்தொகைகளைப் பல்கலைக்கழகங்களுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் வழங்கின. 1970-களில் கணக்கெடுத்தபோது, அரசின் ஆராய்ச்சி நிதியில் சிறு நிறுவனங்களை அடைந்தது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பங்கே என்பது தெரிந்தது. நாட்டின் புதிய கண்டுபிடிப்புகளில் சிறு நிறுவனங்களின் பங்கு இதனினும் பன்மடங்கு பெரிதென்று அக்கால ஆய்வுகள் கூறின.

இவ்வேற்றத்தாழ்வுக்குக் காரணம் எவருடைய தீய எண்ணமும் அன்று, வழக்கமே காரணம். ஓர் அலுவலர் பத்துக் கோடி டாலரை ஒரே பெரு நிறுவனத்துக்கு ஒரே கையெழுத்தில் தந்துவிடலாம். அதையே இருநூறு சிறு நிறுவனங்களுக்குப் பிரித்துத் தருவதென்றால் இருநூறு விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். இருநூறு கணக்குகளைப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனம் தோற்றால் அலுவலரை யாரும் குறை கூறார். பெயர் தெரியாத சிறு நிறுவனம் தோற்றாலோ, இவனுக்கு ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி எழும். இவ்வாறு, தெரிந்தவர்க்கே மீண்டும் மீண்டும் வாய்ப்பு என்னும் நிலை உருவாயிற்று. வாயிற்கதவில் பூட்டு எதுவும் தொங்கவில்லை. ஆயினும் உள்ளே செல்ல வழியில்லை.

மூன்று படிகள்

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்ட் திப்பட்ஸ். சிறு நிறுவனங்களின் குறைகளை எடுத்துக் கூறிய தொழில் முனைவோரின் வேண்டுகோளைச் செவிமடுத்த செனட்டர் எட்வர்டு கென்னடி, அறக்கட்டளையின் பயன்பாட்டு ஆராய்ச்சி நிதியில் ஒரு பகுதி சிறு நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டுமென வலியுறுத்தினார். அதன் பயனாக 1977-இல் திப்பட்ஸ் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கினார்.

அவர் வகுத்த முறை மிக எளிது. முதற்படியில் ஒரு சிறு தொகை சில மாதங்களுக்குத் தரப்படும். எண்ணிய எண்ணம் நடக்கக் கூடியதா என்பதை மட்டும் நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தவர்கள் மட்டும் இரண்டாம் படிக்குப் போட்டியிடலாம். அங்கே ஏறத்தாழ ஈராண்டுக்குப் பெருந்தொகை கிடைக்கும். மாதிரியைச் செய்து முடிக்க வேண்டும். மூன்றாம் படியில் இத்திட்டத்தின் பணம் இல்லை. பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லத் தனியார் முதலீட்டையோ அரசின் கொள்முதலையோ நிறுவனமே தேடிக்கொள்ள வேண்டும்.

இம்முறையின் நுட்பம் முதற்படியில் உள்ளது. புதிய முயற்சிகளில் பல தோற்கும் என்பதை அது மறைக்கவில்லை. தோல்வி சிறிய செலவிலேயே வெளிப்பட்டுவிட வேண்டும். அதே சிறிய செலவில் முகமறியாத ஒருவனும் தன் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். விண்ணப்பத்தில் பார்க்கப்பட்டது எண்ணத்தின் தரமும் அதைச் செய்யும் ஆற்றலும். அடமானம் கேட்கப்படவில்லை. நிறுவனத்தின் பங்குகளில் அரசு ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. 1980-இல் நிறைவேறிய பே-டோல் சட்டத்தால், அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பாயினும் அதன் காப்புரிமையைச் சிறு நிறுவனமே வைத்துக்கொள்ள வழி பிறந்தது. அரசு தன் சொந்தத் தேவைக்கு அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொண்டது. மாட்செலிகருக்கு இத்தகைய முதற்படி ஒன்று இருந்திருக்குமானால், மூன்றில் இரண்டு பங்கை அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சட்டமும் எதிர்ப்பும்

1980 ஜனவரியில் வெள்ளை மாளிகையின் சிறுதொழில் மாநாடு கூடியது. அறக்கட்டளையின் சோதனைத் திட்டத்தை எல்லா அரசுத் துறைகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்பது அம்மாநாட்டின் பரிந்துரைகளுள் ஒன்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் செனட்டர் வாரன் ரட்மன் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். 1981 டிசம்பரில் செனட் சபை ஓர் எதிர் வாக்குமின்றி அதனை ஏற்றது.

பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பு மூண்டது. எதிர்த்தவர்களுள் முன் நின்றவை பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் அமைப்புகளும் மருத்துவக் கல்லூரிகளின் அமைப்பும் ஆகும். அரசுத் துறைகள் சிலவும் இதனை விரும்பவில்லை. அவர்கள் கூறிய வாதங்கள் நமக்குப் பழக்கமானவை. ஆராய்ச்சிப் பணம் தகுதியைப் பார்த்துத் தரப்பட வேண்டும். யாருக்கு என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டால் தரம் தாழ்ந்துவிடும். திறமையான அறிஞர்களிடமிருந்து பிடுங்கித் திறமை குறைந்தவர்க்குத் தருவதாகிவிடும் என்றெல்லாம் வாதிட்டனர்.

ஆதரித்தோர் விடை கூறினர். ஒதுக்கப்பட்ட பங்கினுள்ளும் போட்டி உண்டு. அறிஞர் குழு தேர்ந்தெடுத்த விண்ணப்பங்களுக்கே பணம். அதுவரை நிலவிய முறையும் தகுதியை மட்டும் பார்த்த முறையன்று. அறிமுகத்தையும் அளவையும் பார்த்த முறையே. பங்கு என்று ஒன்றைச் சட்டம் குறித்தாலொழிய, சிறியோரைத் தேடிப் பார்க்கும் வேலையை எந்த அலுவலகமும் மேற்கொள்ளாது.

இறுதியில் ஆதரவாளர் வென்றனர். 1982 ஜூலை 22 அன்று குடியரசுத் தலைவர் ரீகன் கையெழுத்திட, சிறுதொழில் புத்தாக்க வளர்ச்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் தரும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. முதலாண்டில் 0.2 விழுக்காடு, பின்னர் 0.6, அதன்பின் 1, நான்காம் ஆண்டு முதல் 1.25 விழுக்காடு. படைத்துறைக்கு மட்டும் சற்று மெதுவான ஏற்றம் அனுமதிக்கப்பட்டது. ஐந்நூறு பேருக்கு மிகாத பணியாளரைக் கொண்ட நிறுவனமே சிறு நிறுவனம் எனப்பட்டது.

பங்கு எவ்வளவு சிறியது என்பதை நோக்குக. நூறு டாலரில் ஒன்றே கால் டாலருக்கு அத்துணை எதிர்ப்பு! ஆயினும் அச்சிறு பங்கு அங்கேயே நின்றுவிடவில்லை. 1992-இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது 2.5 விழுக்காடாகப் படிப்படியாக உயர்த்த வழி செய்யப்பட்டது. பல்கலைக்கழகத்துடன் சிறு நிறுவனம் கைகோத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குத் தனித் திட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. 2011 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 2017-க்குள் 3.2 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றது. முதற்படித் தொகையும் 50,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், பின்னர் 1,50,000 டாலராகவும் உயர்ந்தது. எனினும் இது நிலையான சட்டமாக ஆக்கப்படவில்லை. காலவரையறையுடன் நீட்டிக்கப்பட்டு வந்தது. 2022-இல் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட அனுமதி 2025 செப்டம்பர் 30 அன்று முடிவுற்றது. பெற்ற உரிமையும் கண்காணிப்பின்றி நில்லாது என்பதை இந்நிகழ்ச்சியும் உணர்த்தும்.

தரம் தாழ்ந்ததா?

எதிர்ப்பாளர் அஞ்சியவாறு தரம் தாழ்ந்ததா என்று பார்ப்போம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1980-களின் இறுதியில் இதனை ஆராய்ந்தது. இத்திட்டத்தின் ஆராய்ச்சிகளைத் துறைகளின் பிற ஆராய்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தரத்தில் அவை பொதுவாக ஈடாகவே இருப்பதாகத் துறைகளின் அலுவலர்களே மதிப்பிட்டிருந்தனர். ஒதுக்கீடு வந்தால் தகுதி போகும் என்ற அச்சுறுத்தலுக்கு இக்கணக்கு ஆதரவு தரவில்லை.

தொடக்க நாளில் இத்திட்டத்தின் உதவியைப் பெற்ற சிறு நிறுவனங்களுள் சில பின்னாளில் உலகப் பெயர் பெற்றன. கைப்பேசித் தொழில்நுட்பத்தில் புகழ் பெற்ற குவால்காம், கணினி மென்பொருள் நிறுவனமான சைமாண்டெக், எந்திர மனிதக் கருவிகள் செய்த ஐரோபாட் ஆகியவை அவற்றுட் சில.

பொருளியல் அறிஞரும் இதனை ஆராய்ந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜாஷ் லெர்னர் 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவி பெற்ற நிறுவனங்கள் பத்தாண்டுக் காலத்தில் பெறாத நிறுவனங்களைவிட வேகமாக வளர்ந்தன. ஆயின் அவ்வளர்ச்சி தனியார் முதலீட்டாளர் மிகுந்த பகுதிகளிலேயே காணப்பட்டது. சப்ரீனா ஹோவெல் 2017-இல் வெளியிட்ட ஆய்வு எரிசக்தித் துறையின் உதவிகளை எடுத்துக்கொண்டது. முதற்படித் தொகையைப் பெற்ற நிறுவனத்துக்குத் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்றும், இரண்டாம் படியின் பெருந்தொகைக்கு அத்தகைய விளைவு இல்லை என்றும் அவர் கண்டார். ஒரு மாதிரியைச் செய்து காட்டும் அளவுக்கு முதலில் கிடைக்கும் சிறு தொகையே எல்லாவற்றினும் பயன் மிக்கது என்பது இதன் பொருள். காலத்தினால் செய்த உதவி சிறிதெனினும் பெரிது என்று நம் முன்னோர் அறிந்த உண்மையே இது.

குறைகளும் உண்டு. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவராமல், விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டு ஆண்டுதோறும் பல உதவிகளைப் பெற்ற நிறுவனங்கள் தோன்றின. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களே பெரும்பங்கைப் பெற்றன. இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதுவே.

மூன்றாம் நோக்கம்

1982-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு நோக்கங்களைக் கூறிற்று. தொழில்நுட்பப் புதுமையைத் தூண்டுதல் முதலாவது. அரசின் ஆராய்ச்சித் தேவைகளுக்குச் சிறு நிறுவனங்களைப் பயன்படுத்துதல் இரண்டாவது. சிறுபான்மையினரும் பின்தங்கிய நிலையினரும் தொழில்நுட்பப் புதுமையில் பங்கேற்க ஊக்குவித்தல் மூன்றாவது. ஆராய்ச்சியின் பயனைச் சந்தைக்குக் கொணர்தல் நான்காவது.

சிறு நிறுவனம் என்னும் பெயருக்குச் சட்டம் விழுக்காட்டைக் குறித்தது. மூன்றாம் நோக்கத்துக்கோ விழுக்காடு எதையும் குறிக்கவில்லை. ஊக்குவித்தல் என்ற சொல்லோடு நின்றுவிட்டது. விளைவு என்ன? முப்பதாண்டுகளுக்குப் பின் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு இத்திட்டத்தை மதிப்பிட்டபோது, கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் இனத்தவரும் நடத்தும் நிறுவனங்களின் பங்கு மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டிக் காட்டியது. மற்றொன்றையும் அக்குழு சொல்லிற்று. பின்தங்கியோர் என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாப் பிரிவினரையும் சேர்த்துக் கணக்கெழுதியதால், அத்தலைப்பினுள் ஓரளவு முன்னேறியோரின் எண்ணிக்கை பெருகி, கடைசியில் நிற்போரின் வறுமையை மறைத்துவிட்டது. தனித்தனியே எண்ணிப் பார்த்த பின்பே உண்மை வெளிப்பட்டது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. பங்கைக் குறித்த இடத்தில் கதவு திறந்தது. விருப்பத்தை மட்டும் எழுதிய இடத்தில் கதவு மூடியே இருந்தது. எண்ணிக் காட்டாத இடத்தில், மூடியிருந்தது என்பதும் வெளியே தெரியவில்லை.

இந்தியாவில் நடந்தது

அமெரிக்க முறையைப் பிற நாடுகளும் மேற்கொண்டன. ஜப்பான் 1999-இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல், ஏறத்தாழ அதே பெயரில், சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சி முனைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருந்து, வேளாண்மை, நோயறி கருவி ஆகியவற்றில் ஆராயும் சிறு நிறுவனங்களுக்கு மானியமும் குறைந்த வட்டிக் கடனும் தருவது அதன் வேலை. 2012-இல் இத்தகைய பணிகளுக்கென்றே பைராக் என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. எண்ணத்தைச் செயலாக்கிப் பார்க்க 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தையும் அது தொடங்கியது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பிரயாஸ் திட்டம், மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை உதவும் முறையில் அமைந்தது.

இந்தியத் திட்டங்கள் சட்டத்தால் விதித்த விழுக்காட்டின்மேல் நிற்பவை அல்ல. துறைகளின் ஆணைகளால் நடப்பவை. சொந்த ஆராய்ச்சிக்கூடமோ, தொழிற்காப்பகம் ஒன்றில் இடமோ பெற்றிருப்பவரே பெரும்பாலும் அவற்றை எட்டிப் பிடிக்கின்றனர். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவ்வாயில் வெகு தொலைவில் இருக்கிறது.

நம் மக்களுக்கெனத் தனியே வந்த திட்டங்களையும் காண்போம். பட்டியல் சாதியினர்க்கான சிறப்புக்கூறு திட்டம் 1979-80 முதல் நடைபெற்றது. மக்கள் தொகைக்கேற்ற பங்கைத் திட்ட நிதியில் ஒதுக்க வேண்டும் என்னும் அதன் கொள்கை உயரியது. ஆயினும் அப்பணம் பொதுப் பணிகளின் பெயரில் கணக்கெழுதப்பட்டுக் கரைந்தது என்ற முறையீடு பல்லாண்டுகளாக எழுந்து வந்துள்ளது. 2012-ஆம் ஆண்டு அரசுக் கொள்முதல் ஆணை, நடுவணரசுத் துறைகள் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும் என்றது. 2015-இல் பட்டியல் சாதியினர்க்கான துணிகர முதலீட்டு நிதி தொடங்கப்பட்டது. அதன்கீழ் 2020 செப்டம்பரில் அம்பேத்கர் பெயரில் அமைந்த புத்தாக்கத் திட்டம், உயர்கல்வி நிலையங்களின் தொழிற்காப்பகங்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கும் இளைஞர்க்கு மூன்றாண்டுகளில் 30 லட்சம் ரூபாய் பங்கு மூலதனமாகத் தருவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் 2022-23-இல் பட்டியல் சாதி, பழங்குடியினரின் புத்தொழில்களுக்கென 30 கோடி ரூபாய் நிதியம் அறிவிக்கப்பட்டது. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் தொழில் தொடங்க 35 விழுக்காடு மூலதன மானியமும் வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடியும் தருவது.

இவை யாவும் பயனுடையவை, பயன்படுத்திக்கொள்ளத் தக்கவை. ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டும். இவற்றுட் பல, தெரிந்த பொருளைச் செய்யத் தொழில் அமைப்போர்க்குக் கடனாகவும் மூலதனமாகவும் உதவுகின்றன. தெரியாத பொருளை ஆராய்ந்து கண்டறியத் தரும் பணம் வேறு. ஆராய்ச்சியில் தோற்றவனைக் கடன் துரத்தும்; மானியம் துரத்தாது. முதலீடு பங்கைக் கேட்கும். ஆராய்ச்சி மானியம் கேட்காது. நம் இளைஞர்க்கு இவ்விரண்டாம் வகைப் பணத்தில் சட்டம் குறித்த பங்கு வேண்டும். அப்பங்கு யார் யாரை அடைந்தது என்று ஆண்டுதோறும் தனித்தனியே எண்ணி வெளியிடும் கணக்கும் வேண்டும்.

நம் முன் உள்ள பணி

1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழில் அதனால் வளர்ந்தது. சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைக் கையால் அறிந்தவர்கள் நம் போன்ற ஒடுக்கப்பட்ட மக்கள். அக்கைகளின் அறிவு ஆராய்ச்சி என்ற பெயரைப் பெறவில்லை. அவ்வறிவுக்கு மானியமும் வரவில்லை. தோலில் மட்டுமன்று, துப்புரவில், கட்டடத்தில், வயலில், மீன்பிடியில், நெசவில் என எங்கும் இதுவே கதை. சாக்கடைக்குழியில் மனிதன் இறங்காதிருக்கச் செய்யும் பொறியின் தேவையை, அக்குழியில் இறங்கியவரின் பிள்ளையைவிட நன்கறிந்தவர் யார்? அப்பிள்ளை இன்று பொறியியல் படித்திருக்கிறான். அவள் வேதியியல் படித்திருக்கிறாள். தொழிலறிவும் கல்வியறிவும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும் முதல் தலைமுறை இது. இது பெருஞ்செல்வம்.

இச்செல்வத்தைப் பயன்படுத்தச் சில பழக்கங்கள் வேண்டும். செய்து பார்த்த ஒவ்வொன்றையும் தேதியிட்டு ஏட்டில் எழுதி வைத்தல் முதலாவது. கண்டதை ஊரறியச் சொல்லும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தல் இரண்டாவது; தனி மனிதர்க்கும் சிறு நிறுவனத்துக்கும் இந்தியச் சட்டம் பெரு நிறுவனங்களைவிடக் குறைந்த கட்டணமே விதிக்கிறது. பொறியாளரும் தொழிலாளியும் கணக்கறிந்தவரும் சேர்ந்த சிறு குழுவாக இயங்குதல் மூன்றாவது. முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டால், தள்ளியதன் காரணத்தைக் கேட்டுப் பெற்றுத் திருத்தி மீண்டும் அனுப்புதல் நான்காவது.

நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களின் கடமையும் இத்துடன் விரிகிறது. ஒரு தலைமுறைக்கு முன், கல்லூரி விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாத பெற்றோர்க்குச் சங்கங்கள் கைகொடுத்தன. உதவித்தொகை உரிய காலத்தில் வராதபோது அலுவலகங்களின் படியேறிக் கேட்டன. அதே பணியை இனி ஆராய்ச்சி விண்ணப்பத்துக்கும் செய்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் வகுப்பு, அனுபவமுள்ள பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டல், மாதிரி செய்யப் பட்டறையில் ஓர் இடம், பணம் வரும் வரை கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை ஆகிய நான்கும் பெரிய செலவின்றி அமைக்கத் தக்கவை.

பங்கைக் கேட்பது இரத்தல் அன்று. மக்கள் செலுத்தும் வரியில்தான் ஆராய்ச்சி நிதி உருவாகிறது. கடையில் துணியை விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொருவரும் அதற்குப் பங்களித்தவரே. நூற்றுக்கு ஒன்றே காலில் தொடங்கிய ஓர் ஒதுக்கீடு, நாற்பதாண்டுக்குள் ஆயிரக்கணக்கான சிறிய கூடங்களுக்குள் ஆராய்ச்சியைக் கொண்டு சேர்த்தது என்பது நாம் கண்ட வரலாறு. அதே சட்டத்தில் எண்ணிக்கை குறிக்கப்படாத மக்கள் வாயிலிலேயே நின்றனர் என்பதும் நாம் கண்ட வரலாறு. இரண்டையும் சேர்த்துப் படித்தவன், எதைக் கேட்க வேண்டும், எதற்குத் தன்னைத் தகுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அறிவான். நம் இளைஞர் அவ்வாறு படித்து, தம் பெற்றோர் கைகளால் அறிந்ததைத் தம் அறிவால் வளர்த்து, அதன் உரிமையைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் நாள் வருக.